அபஸ்வரத்தின் சொந்தக்காரி

படப்பிடிப்புத் தளத்தில் ஒரு கறுப்புத் துணிக்குப் பின்னால், கீபோர்டுக்கு முன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் டைரக்டரின் மனைவி. துணிக்கு அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில், அவளாக நடிக்க வந்த நடிகை சத்தமே வராத இன்னொரு கீபோர்டின் மேல் விரல்களை மேய விட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் இவளுடையது, முகம் அவளுடையது. நல்ல ஏற்பாடுதான், வயிறு எரிகிறவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

டைரக்டருக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'அபஸ்வரம்'. மேடையில் அவன் கேலிப்பாட்டுப் பாடுவான், இவள் கீபோர்டு வாசிப்பாள். பாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் இவள் ஒரு தப்புக் கட்டையை அழுத்துவாள். அவன் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு ஹார்மோனியத்தைக் கட்டியிருக்கலாம்" என்று ஆரம்பித்தால் அரங்கம் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழியும். கம்பெனி ஆண்டு விழாவில் தொடங்கி, பெரிய அரங்கங்கள், டிவி, கடல் தாண்டிய மேடைகள் என்று பத்தொன்பது வருஷம் இதே பிழைப்பு. வாசித்தது இவள், திட்டுகளை எழுதிக் கொடுத்ததும் இவள், பெயர் அவனுக்கு. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், புருஷன் பெயர் என்று.

பிறகு ஒரு தயாரிப்பாளர் அவனை நம்பினார், அவன் டைரக்டர் ஆனான். முதல் படம் ஓடியது. இரண்டாவதும் பரவாயில்லை. படங்களுக்கு நாற்பது வயலின் வந்தது, மனைவி வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது படம் முதல் வாரத்திலேயே குப்புற விழுந்தது. உடனே ஐயாவுக்கு ஞானம் பிறந்து, என் வாழ்க்கையையே படமாக எடுக்கப்போகிறேன் என்று பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னான். சரக்குத் தீர்ந்த கடைக்காரன் வீட்டுச் சாமானைத் தூக்கிக் கடையில் வைப்பான் இல்லையா, அந்தக் கதைதான்.

வாழ்க்கைக் கதை என்றால் முதல் மேடை வரவேண்டும். அந்த முதல் மேடையில் நடந்தது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அன்றைக்கு அவனுக்கு இரண்டாவது அடியே மறந்துபோயிற்று. மைக்கைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றான், காதோரம் வியர்வை கொட்டியது. முன்வரிசையில் ஒருத்தர் கடிகாரம் பார்த்தார். கட்டின புருஷன் மானம் கப்பலேறுவதைப் பார்க்கச் சகிக்காமல், இவள் வேண்டுமென்றே ஒரு தப்புக் கட்டையை அழுத்தினாள். இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொரு தரம் அழுத்தினாள், அரங்கமே சிரித்தது. அவன் திரும்பி அவளைத் திட்டினான், மூச்சு வந்தது, பாட்டும் வந்தது. மேடைக்குப் பின்னால் போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

அந்த அழுகை காய்வதற்குள் கதை மாறிவிட்டது. பேட்டி கொடுக்கும் இடத்திலெல்லாம், "வீட்டுக்காரிக்கு விரல் தடுமாறிடுச்சு, நான்தான் சமாளிச்சேன்" என்றான். முதலில் வேடிக்கைக்குச் சொன்னான், அவளும் சிரித்தாள். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான். சொந்தத் தம்பியே அவளிடம், "அக்கா, மாமா மட்டும் இல்லன்னா அன்னைக்கே உன் கதை முடிஞ்சிருக்கும்" என்றபோது அவளுக்குக் கொலைவெறி வந்தது.

படத்துக்கு வந்த ஸ்டுடியோ வாத்தியக்காரர் தப்பாக வாசித்தால் அது வெறும் தப்பாகத்தான் இருந்தது, ஒரு ஈ காக்கை சிரிக்கவில்லை. அப்போதுதான் டைரக்டருக்கு மனைவி ஞாபகம் வந்தது. வாசிக்கிறேன், ஆனால் அந்த முதல் மேடையில் நடந்ததை நடந்தபடி எடுக்கவேண்டும் என்று அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவன் அதற்கென்ன, சத்தியமாக எடுக்கிறேன் என்றான். மூன்று நாளாகப் பழைய தப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தது அந்தச் சத்தியத்துக்காகத்தான்.

இன்றைக்கு அந்தக் காட்சி. துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். அவன் தன் வேஷத்தைத் தானே போட்டிருந்தான், முடிக்குக் கறுப்புச் சாயம், தொப்பையை இறுக்கிப் பெல்ட். நடிகைக்கு விரல் தடுமாறியது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு ஜோக் அடித்தான், சபையைக் காப்பாற்றினான், பயந்துபோன நடிகையின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தான். இரக்கத்தோடு தட்டிக்கொடுத்தான், படுபாவி.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவள் நேரே மேடைக்கு நடந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கூலிக்குச் சிரிக்க வந்த கூட்டம் அவளை அடையாளம் கண்டு, 'அபஸ்வரம் அக்கா' என்று கை தட்டியது. அவள் அவன் எதிரில் போய் நின்றாள். அவன் கையிலிருந்த மைக் அவள் குரலையும் பிடித்துக்கொண்டது.

"அன்னைக்கு என் விரல் தடுமாறலை. உங்களுக்குத்தான் பாட்டு மறந்துபோச்சு. வாயைப் பொளந்துக்கிட்டு நின்னீங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவனுக்கு அவளைத் தெரியும். அவள் விளையாடும்போது குரல் எப்படி இருக்கும், விளையாடாதபோது எப்படி இருக்கும் என்று இந்த உலகத்தில் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். ஒரு கணம் அவன் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். பார்த்ததும், அப்பாடா, கேட்டுவிட்டான் என்றுகூட நினைத்தாள். அடுத்த கணம் அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினான், பத்தொன்பது வருஷம் மேடையில் தூக்கிய அதே புருவத்தை. ஒரு கை முதுகுக்குப் பின்னால் போய் விரலைச் சுழற்றியது. ஓடட்டும், நிறுத்தாதே என்று கேமராமேனுக்குச் சைகை.

"அப்போ நான் இத்தனை வருஷமா உன்னைத் திட்டினது?" என்றான்.

"அத்தனையும் நான் எழுதிக் கொடுத்தது."

பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கூட்டத்தைப் பார்த்து, "சிரிக்காதீங்க, நெஜமாத்தான் சொல்றேன்" என்று குரல் உடையச் சொன்னாள். அதற்கு வந்தது பாருங்கள், அந்த நாளின் பெரிய சிரிப்பு.

"கட்," என்றான் டைரக்டர். "பிரமாதம்."

அவள் பேசியதையெல்லாம் உதவி டைரக்டர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தான். டைரக்டர் அந்தத் தாளை வாங்கி நடிகையிடம் கொடுத்து, ஒரு எழுத்து மாறக் கூடாது, 'சிரிக்காதீங்க' என்னும் இடத்தில் குரல் உடையவேண்டும், இப்போது உடைந்ததே அதே மாதிரி என்றான். நடிகைக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இவளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், கடைசியில் சம்பளம் கொடுக்கிறவனைப் பார்த்தாள். நன்றாகவே பேசினாள், சண்டாளி. குரல் சரியான இடத்தில் உடைந்தது. கூட்டம் முன்னைவிட அதிகமாகச் சிரித்தது.

அவள் வெளியே வந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்தாள். அவன் பின்னாலேயே வந்தான், மேக்கப்புத் துண்டு கழுத்தில் தொங்க. எல்லாரும் காத்திருக்கிறார்கள், நடிகையின் வசனத்துக்கு வாசித்துவிட்டுப் போ என்றான். அவள் சாவியைச் செருகவே அவனுக்குக் கோபம் வந்தது.

"இப்போ உனக்கு என்ன குறை? நடந்ததை நடந்தபடி எடுக்கச் சொன்னே. நீ சொன்னது ஒண்ணு விடாம படத்துல வந்துடுச்சு. டைட்டில்ல 'வசன உதவி'ன்னு உன் பேரையும் போட்டுடறேன்."

அவள் சாவியைத் திருகி, இஞ்சினைக் கிளப்பிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா நான் யார்கிட்டயும் சொல்லலை. என்னைக்காவது சொன்னா நம்புவாங்கன்னு ஒரு தெம்பு இருந்துச்சு. இனிமே நான் செத்துக்கிட்டே சொன்னாலும், உங்க படத்து வசனம்னு சிரிப்பாங்க."

அவன் கண்கள் கொஞ்சம் சுருங்கின, உதடு அசைந்தது. அவள் சொன்னதை வாய்க்குள்ளேயே ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறான். இந்த வரியை எந்த இடத்தில் சேர்க்கலாம் என்று பார்க்கிற முகம் அது, அவளுக்குத் தெரியாதா என்ன.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியை எடுத்தாள்.