முப்பத்தொரு கிலோமீட்டர்

பயண அலுவலகத்தில் அவனுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். எதையும் அளந்து பார்க்காமல் வாயைத் திறக்க மாட்டான். அதனால் அத்தைக்கு டிக்கெட் போடும் வேலை அவன் தலையில் விழுந்தது. அவனும் பெருமையாகத்தான் ஏற்றுக்கொண்டான்.

வியாழன் காலை எட்டு மணிக்கு அப்பாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள், பிறகு குரல் கிடையாது. இருக்கிற குரலும் வெறும் காற்றாகிவிட்டது. போனில் எடுபடாது, பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். அதற்குள் தங்கையிடம் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

அத்தை வழியில் ஒரு நகரத்தில் விமானம் மாற வேண்டும். அங்கே விமான நிலையங்கள் இரண்டு. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டும். இடையில் மூன்று மணி நேரம். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தான்: முப்பத்தொரு கிலோமீட்டர். காரில் முக்கால் மணி, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கால் மணி. நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான்.

அடுத்த மேஜை அக்கா எட்டிப் பார்த்தாள். “அந்த ரோட்டுல போனவங்க யாரையாவது கேட்டியாடா?”

“கேட்டு என்னக்கா ஆகப்போகுது? தூரம்தான் இங்க போட்டிருக்கே.”

“சரிப்பா. நீ அளந்தா கடவுளே அளந்த மாதிரி.”

புதன் மாலை அத்தை டாக்சியிலிருந்து கூப்பிட்டாள். “என்னடா, ஒன்றரை மணி நேரமா போய்க்கிட்டே இருக்கோம். நடுவுல கடல் இருக்காம், சுத்தித்தான் போகணும்ங்கறாரு டிரைவர்.”

அவசரமாக அந்தப் பக்கத்தைத் திறந்தான். எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: வான்வழித் தூரம். சாலை வழியைத் தேடினான். நூற்றுப் பதினெட்டு.

“டிராஃபிக்கா இருக்கும் அத்தை,” என்றான்.

விமானம் போய்விட்டது. அடுத்த விமானம் மறுநாள் காலையில்தான். அத்தை பெட்டியை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. அப்பாவை உள்ளே கொண்டுபோய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். கழுத்தைச் சுற்றிக் கட்டு. கையில் கொடுத்த சின்ன வெள்ளைப் பலகையில் முதலில் எழுதியது தங்கைக்குத்தான்: ‘ஏன் லேட்?’

அத்தை அவனை ஒருமுறை பார்த்தாள். “டிராஃபிக்தாண்ணா. நானும் ஏர்போர்ட்ல வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுட்டேன். என் கல்யாணத்துக்கே லேட்டா வந்தவதானே நான்.”

அப்பாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது; சத்தம்தான் இல்லை.

பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவனால் முடியவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: “டிராஃபிக் இல்லப்பா. நான் பார்த்தது பிளேன் பறக்கிற தூரம். ரோட்டுக்கு அது நாலு மடங்கு. கேட்டுப் பாருன்னு ஆபீஸ் அக்கா சொன்னாங்க. நான் கேக்கல. அத்தைகிட்டயும் பொய் சொன்னேன்.”

அப்பா அவனையே பார்த்தார். பேனா பலகையருகே போய் நின்றது. பிறகு அதை மூடி மடியில் வைத்துவிட்டார். திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. திட்டுவதற்குக் குரல் வேண்டுமே என்று உடனே உறைத்தது.

“போடா, போய் எனக்கொரு டீ வாங்கிட்டு வா,” என்றாள் அத்தை, அவன் முகத்தைப் பார்க்காமலே.

லிஃப்டில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவன் படிக்கட்டு வழியாக இறங்கினான்.