வெயிலம்மாள், த/பெ கருப்பசாமி

நாற்பத்தொரு வயதில் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? பேரன் பேத்தி எடுக்கிற வயசில் பொணம் அறுக்கப் போறாளாம் என்று பசுவந்தனை முழுக்கச் சிரித்தார்கள். வெயிலம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. பதினெட்டு வருஷமாக வீட்டு மாடியில் உயிரியல் ட்யூசன் எடுத்து, ஒன்பது பிள்ளைகளை டாக்டருக்கு அனுப்பிவைத்தவள் அவள். நீட் பரீட்சைக்கு இனி வயது வரம்பு இல்லை என்று தெரிந்த அன்றைக்கு, ஊருக்கெல்லாம் பந்தி பரிமாறியவள் தனக்கும் ஓர் இலை போட்டு உட்காரக் கூடாதா என்று தோன்றியது. முதல் தடவை கவிழ்ந்தாள். இரண்டாம் தடவை ஐந்நூற்று நாற்பத்தேழு வாங்கினாள். ஊர் வாயை மூடிக்கொண்டது.

ஒரே ஒரு தாள்தான் பாக்கி. பன்னிரண்டாம் வகுப்பை அவள் படித்தது மாலத்தீவில். அப்பா கருப்பசாமி அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். லண்டன்காரர்கள் நடத்திய பரீட்சையின் சான்றிதழ்தான் அவள் கையில் இருந்தது. அது நம்முடைய பிளஸ் டூவுக்குச் சமம் என்று டெல்லியில் ஓர் அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். மனுப் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. கலந்தாய்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

பதில், கோவில்பட்டியில் பிரேமலதாவின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தது. பிரேமலதா பழைய மாணவி. டாக்டர் ஆகாதவர்களில் ஒருத்தி. மெயிலை ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தாள்.

“மிஸ், நீங்க இத முன்னாடியே வாங்கிட்டியளாமே. ரெண்டாயிரத்து ரெண்டுல.”

“என்னத்தட்டி வாங்கினேன்?”

“இந்தச் சமச் சான்றத்தான். இதே சர்டிபிகேட் நம்பர், இதே பிறந்த தேதி, பழைய ரிஜிஸ்டர்ல இருக்காம். ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் குடுப்பாவளாம். அந்தப் பழைய மனுவோட நகலும் அனுப்பியிருக்காவ.”

வெயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. டெல்லிக்காரனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாள். பிரேமலதா நகலைத் திறந்தாள்.

பெயர் வெயிலம்மாள். தகப்பனார் பெயர் கருப்பசாமி. பிறந்த தேதியும் சான்றிதழ் எண்ணும் அவளுடையவைதான். அடியில் அப்பாவின் கையெழுத்து. ரேங்க் கார்டுகளில் பார்த்துப் பார்த்து வளர்ந்த கையெழுத்து, தூக்கத்தில் காட்டினாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். மேலே ஒட்டியிருந்த போட்டோ மட்டும் அவளுடையது இல்லை. ரெட்டைச் சடை போட்டு, கேமராவை முறைத்துக்கொண்டு இருந்தாள் அவளுடைய சித்தப்பா மகள்.

“மிஸ், இது நம்ம கயத்தாறு டாக்டரம்மால்லா?”

வெயிலம்மாள் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்தில் தகப்பனைப் பெற்றவளின் பெயரை மூத்த பேத்திக்கு வைத்தாக வேண்டும். கருப்பசாமி வைத்தார். தம்பி கொம்பையாவும், எனக்கும் அவள்தானே தாய் என்று வைத்தார். ஏழு மாத இடைவெளியில் இரண்டு வெயிலம்மாள். பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள். ஒரே பெயரை இரண்டு பிள்ளைகளுக்கு வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அல்லது, யாரோ ஒருவர் நன்றாகவே யோசித்திருக்கிறார்.

சின்னவள் இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பியவள். பிளஸ் டூவில் தட்டுத்தடுமாறித் தேறியவள். அவளுக்கு எப்படியோ வெளி மாநிலத்தில் டாக்டர் சீட்டு கிடைத்துவிட்டது என்றபோது, ‘எப்படியோ’ என்பது என்ன என்று பெரியவள் கேட்டதே இல்லை. கயத்தாறில் அவள் ஆஸ்பத்திரி திறந்து பதினாறு வருஷம் ஆகிறது. பெரியவளின் இரண்டாவது பிள்ளையை வெளியே எடுத்ததே அந்தக் கைதான். எங்க தங்கச்சி டாக்டராக்கும் என்று எத்தனை கல்யாண வீடுகளில் பீற்றியிருக்கிறாள்!

டெல்லிக்காரர்கள் வழியும் சொல்லியிருந்தார்கள். போட்டோவில் இருப்பது நீங்கள் இல்லையென்றால், அது யாரென்று எழுதி உறுதிமொழிப் பத்திரத்தோடு ஏழு நாளில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

“அனுப்பினா டாக்டரம்மா மேல கேஸ் வரும் மிஸ்.”

“அனுப்பலேன்னா எனக்கு சீட்டு இல்ல.”

மறுநாள் பத்திரம் தயாரானது. நோட்டரி வக்கீலின் முத்திரையும் விழுந்தது. நான் போன் போட்டுச் சொன்னால் மட்டும் அனுப்பு என்று பிரேமலதாவிடம் சொல்லிவிட்டு வெயிலம்மாள் கயத்தாறு பஸ் ஏறினாள். ஆடிக் காற்று கரிசல் மண்ணை வாரி ஜன்னல் வழியாக அடித்தது. முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா இருந்தது சின்னவளின் ஆஸ்பத்திரிக்குப் பின்வீட்டில். அம்மா போன பிறகு அவருக்குச் சாப்பாடும் மருந்தும் அங்கேயிருந்துதான். வெயிலம்மாள் நகலை நீட்டினாள். அவர் பதறுவார், இல்லையென்று சாதிப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அவர் அமைதியாகத் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆமா. நான்தான் குடுத்தேன்.”

“எதுக்குப்பா?”

“ஒன்னக் கட்டிக்க மணிராஜ் மாப்பிள்ளை வந்துட்டாரு. கால் சூம்பின பிள்ளைக்கு யாரு வருவா? நான் மாலத்தீவுல கெடந்த பதினாறு வருஷமும் என் காட்டையும் சேத்து உழுதவன் கொம்பையா. அவன் வந்து, ‘அண்ணே, பெரியவளுக்குப் புருஷன் இருக்கான், சின்னவளுக்குப் படிப்பாவது இருக்கட்டும்’னு நின்னான். நான் எந்த மூஞ்சிய வச்சுட்டு மாட்டேன்னு சொல்ல?”

“சரி, எஞ்சர்டிபிகேட்ட வச்சு அவளுக்கு சீட்டு எங்கன தேடினிய?”

கருப்பசாமி தரையைப் பார்த்தார்.

“தேடல தாயி. வந்த சீட்டுதான். நீ மனுப் போட்டிருந்தியே கர்நாடகாவுக்கு, அது கெடச்சிருந்திச்சு. போட்டோவ மாத்தி ஒட்டினோம். அந்தக் காலத்துல யாரு ஒத்துப் பாத்தா?”

வெயிலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு வயதில் வெளிநாட்டுச் சான்றிதழுக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அவளே கைப்பட எழுதிப் போட்ட மனு அது. சீட்டு கிடைக்கலையாம் தாயி என்று இதே அப்பாதான் சொன்னார். அழுதவளின் தலையைத் தடவியும் கொடுத்தார். மூன்றாம் மாதம் கல்யாணம். தோற்றவள் என்ற ஒரு சொல்லை இருபத்து மூன்று வருஷமாக அவள் முதுகில் சுமந்திருந்தாள். ட்யூசன் பிள்ளைகளிடம்கூட, நான் ஒரு சீட்டு வாங்க வக்கில்லாதவள், நீங்களாவது ஒழுங்காகப் படியுங்கள் என்றுதான் சொல்வாள். அவள் தோற்கவே இல்லை. இது தெரிந்தால் சந்தோஷப்பட வேண்டுமா, சுவரில் முட்டிக்கொள்ள வேண்டுமா என்று அவளுக்கு விளங்கவில்லை.

“இதக் கெளறாத தாயி. பேப்பர்ல இப்பம் அவதான் எம்மவ. ஒனக்கு என்ன குறை? காடு இருக்கு, புருஷன் இருக்கு, ட்யூசன் நடக்கு. விட்டுக் குடு.”

“பேப்பர்ல அவ ஒங்க மவன்னா, நான் யாரு மவ?”

கருப்பசாமி செம்பை எடுத்தார். தண்ணி குடிக்கியாம்மா என்று கேட்டார்.

விட்டுக்கொடு! இந்த ஒரு சொல்லை நம் வீடுகளில் பெண்பிள்ளைக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டுவார்கள். யாருக்கு, எதை, எத்தனை தடவை என்று கேட்டால் வாய்க்கொழுப்பு என்பார்கள். வெயிலம்மாளும் ஊட்டியதை விழுங்கி வளர்ந்தவள்தான். எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தபோது அவளுக்கே தெரியாது, என்ன செய்யப் போகிறோம் என்று.

வெளியே முப்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மாவின் அக்காள் என்று நர்ஸ் நேரே உள்ளே விட்டாள்.

“யக்கா, வா வா. பிரஷர் மாத்திர தீந்துட்டா?” என்ற சின்னவள், நகலைப் பார்த்ததும் நிறுத்தினாள். காலை இழுத்து இழுத்து நடந்துபோய்க் கதவைச் சாத்தினாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

“பெரியப்பா சொல்லிட்டாவளா?”

“அது என் சீட்டுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“சேந்த அன்னைக்கே தெரியும். ‘வெயிலம்மாள், கருப்பசாமியோட மகள்’னு கூப்பிட்டாவ. எந்திரிச்சு நின்னேன். அதுக்குப் பெறவு நிம்மதியா உக்காரவே முடியலக்கா.” அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். “ஆனா படிச்சது நான். ராத்திரி பகலாக் கண்ணு முழிச்சுப் பரீச்ச எழுதினது நான். அதுல ஒரு பொய்யும் கெடையாது.”

“இல்லைன்னு நான் சொல்லலயே.”

“வெளிய பாத்தியா? நான் உள்ள போயிட்டா இவிய எங்கன போவாவ? நீ படிச்சு முடிக்கயில ஒனக்கு நாப்பத்தேழு. அதுக்குப் பெறவு எத்தன வருஷம் வைத்தியம் பாப்ப? நான் இன்னும் இருவது வருஷம் பாப்பேன். யோசிச்சுப் பாருக்கா. எது ஊருக்கு நல்லது?”

அவள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் வெயிலம்மாளை உலுக்கியது. அன்றைக்குச் சித்தப்பா சொன்னதும் நியாயம்தான். அப்பா செய்ததற்கும் ஒரு நியாயம் இருந்தது. இந்தக் குடும்பத்தில் எல்லாரிடமும் ஒரு நியாயம் இருந்தது, ஒவ்வொன்றும் அவளை நகர்ந்துகொள்ளச் சொன்னது. இத்தனை பேர் கூடிப் பேசியதில் ஒரு நாளாவது, ஒரே ஒரு ஆளாவது அவளிடம் வந்து கேட்டதுண்டா? கேட்டிருந்தால் கொடுத்துக்கூட இருப்பாள். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கால் சூம்பிய பிள்ளையை முதுகில் சுமந்து திரிந்தவள்தானே அவள். இப்போதுகூட ஒருவரும் கேட்கவில்லை, விடு என்றுதான் சொல்கிறார்கள்.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

“பிரேமா, அனுப்பிரு.”

“மிஸ், நல்லா யோசிச்சுத்தான...”

“அனுப்புட்டி.”

சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எதிர்முனையில் பொத்தான் தட்டும் சத்தம் கேட்டது. மெயில் போயிட்டு மிஸ் என்றாள் பிரேமலதா.

டாக்டரம்மா நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் ஆடியது. வெளியே யாரோ, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று நர்ஸிடம் சத்தம் போட்டார்கள்.

“என்னக் கொன்னுட்டியேக்கா,” என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். “இந்த வயசுல, ஒண்ணும் இல்லாம, நான் இனி என்னத்தச் செய்வேன்?”

வெயிலம்மாளுக்கும் கண் நிறைந்துவிட்டது. கிட்டே போய், அவள் தலையில் கை வைத்தாள்.

“கேஸ் முடிஞ்சதும் நீயும் நீட் எழுது. இப்பம் வயசு வரம்பு கெடையாது. உயிரியல நான் சொல்லித் தாரேன்.”

சின்னவள் முகத்தைப் பொத்தியிருந்த கையை விலக்கி அக்காளைப் பார்த்தாள். கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது.