ஜோவினின் பெயர்க்காரணம்

அக்சாவுக்குப் பார்த்த முதல் வரன் ஒரு கக்கூஸால் தட்டிப்போனது.

மாப்பிள்ளையின் பெரியப்பா பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காராமலேயே, "கக்கூஸ் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார். அக்சாவின் முகம் மலர்ந்துவிட்டது. அது டச்சுக்காரர்கள் இங்கே விட்டுவிட்டுப் போன சொல் என்றாள். துட்டும் அவர்களுடையதுதான் என்றாள். அவ்வளவு பெரிய கப்பல்களில் எதையெதையோ கொண்டுவந்தவர்களின் ஞாபகமாக நம் வாயில் தங்கியவை இவைதான் என்று சொல்லிச் சிரித்தாள். பெரியவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். வழி எது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனவர் பண்ணவில்லை.

இரண்டாவது வரன் வங்கிக்காரர். "வசூல் வேலை, ஒரே பேஜாருங்க" என்றார். வசூல் அரபியிலிருந்தும் பேஜார் பாரசீகத்திலிருந்தும் வந்த கதையை அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"நீங்க டீச்சரா?"

"இல்லீங்க, ஆஸ்பத்திரில மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்."

"அப்ப இதெல்லாம் எதுக்கு?"

அந்த வரனும் அதோடு போனது. ஏழு வயதில், ஜன்னல் என்பது போர்ச்சுகீசியச் சொல் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு வாரம் வீட்டு ஜன்னலையே திறந்து மூடிக்கொண்டிருந்தவள் அவள். அன்று பிடித்தது இருபத்தெட்டு வயதிலும் விடவில்லை. எந்தச் சொல்லைக் கேட்டாலும் இது எங்கிருந்து கிளம்பியது, வழியில் யார் யார் வாயில் தங்கியது என்று கேட்காமல் அவளால் சும்மா இருக்க முடியாது.

மூன்றாவது ஆள் ஜோவின். தரகர் கொண்டுவந்த வரன் அல்ல. குடியாத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன். "சோறு கம்மியா வைங்கண்ணே" என்று அவன் சொன்னதும், கம்மி எங்கிருந்து வந்தது என்று இவள் ஆரம்பித்தாள். முடித்தபோது அவன் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்: "அப்புறம்?"

அக்சாவிடம் அதுவரை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. பாயசம் வரும்வரை அவள் சொன்னாள். அவனும் கேட்டான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனில் கேட்டான். கல்யாணம் என்றால் இவனைத்தான் என்று அவள் வீட்டில் சொல்லிவிட்டாள்.

சிக்கல் ஜோவினின் அப்பா. செல்வின் துரைராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவின் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், சபைக் கமிட்டியின் செயலாளர். சம்பந்தம் பேசப் போன உறவினரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "பொண்ணு ஜாஸ்தி பேசாதில்ல?"

அவர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜோவினிடமிருந்து செய்தி வந்தது: "எங்கப்பா முன்னாடி மட்டும் எந்த வார்த்தைக்கும் வேர் புடுங்காத. அவரு வேணாம்னுட்டா அவ்ளோதான். ப்ளீஸ்."

அதை அம்மா கிரேஸியும் படித்தாள். "இன்னைக்கு ஒரு நாள், அக்சா. காபி குடு, உக்காரு, சிரி. யாரு இன்னா சொன்னாலும் 'ஆமாங்க', 'இல்லீங்க', அவ்ளோதான்."

"சரிம்மா."

"இந்த மாப்பிள்ளையும் போய்ட்டான்னா வேற வரன் தேட நான் ஆளு இல்ல."

"போக மாட்டான்மா. நான் வாயத் தொறக்கல."

சாயங்காலம் தொரப்பாடியில் அக்சா வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. "ஸ்தோத்திரம், பிரதர்" என்றபடி செல்வின் துரைராஜ் உள்ளே வந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடி போல் பாலிஷ் போட்ட ஷூ. பின்னால் அவர் மனைவி ரூபி, உருண்டையான, எதையாவது பார்த்துச் சிரிக்கக் காத்திருப்பதைப் போன்ற முகம். கடைசியாக ஜோவின். அவன் அக்சாவைப் பார்த்து உதட்டின் மேல் லேசாக விரலை வைத்து எடுத்தான்.

சோதனை உடனே தொடங்கியது. "புழுக்கமா இருக்கு, அந்த ஜன்னலத் தொறங்க" என்றார் செல்வின். நல்ல கோப்பைகள் இருக்கும் அலமாரியின் சாவியைக் காணவில்லை என்று கிரேஸி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். ஜன்னல், அலமாரி, சாவி. மூன்று போர்ச்சுகீசியர்கள் வரிசையாகக் கூடத்துக்குள் நுழைந்து நின்றதைப் போலிருந்தது அக்சாவுக்கு. அவள் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்பா தேவானந்தம் பேச்சை ஆரம்பித்துவைத்தார். "தம்பி ஷூ கம்பெனில எந்த செக்‌ஷன்?"

"லாஸ்ட்டிங், அங்கிள்" என்றான் ஜோவின்.

"லாஸ்ட்டா? பரவால்ல தம்பி. போகப் போக மேல வந்துடலாம்."

"பிரதர், அந்த லாஸ்ட் இல்ல" என்றார் செல்வின். "ஷூ செய்ற கால் அச்சு. பிளாஸ்டிக்ல கால் மாதிரியே இருக்கும். அதுமேல தோலை இழுத்து மாட்டுனாதான் ஷூவுக்கு உருவமே வரும். அதுக்குப் பேரு லாஸ்ட்."

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் காலடித் தடம் என்று பொருள். கடைசி என்னும் லாஸ்ட்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஆனால் நீடித்து உழைப்பது என்னும் லாஸ்ட் இதற்கு உடன்பிறப்பு. இவ்வளவும் அக்சாவின் தொண்டைவரை வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு பிஸ்கெட்டை எடுத்து முழுதாக வாய்க்குள் தள்ளினாள்.

"பொண்ணுக்குப் பசி போல" என்று ரூபி சிரித்தாள்.

"ஆமாங்க" என்றாள் அக்சா, பிஸ்கெட்டுக்குள்ளிருந்து.

செல்வினுக்குத் திருப்தி. நீளமாக ஜெபம் செய்துவிட்டுக் காபியைக் கையில் எடுத்தார். பேச்சு தொழிலாளர்களின் கூலி, தோல் விலை, பாலாற்றுப் பாலத்து நெரிசல் என்று ஆபத்தில்லாத இடங்களில் சுற்றியது. கிரேஸியின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. எல்லாம் முடிந்து, எழுந்திருக்கப் போகிற நேரத்தில் ஒரு நிமிட மௌனம் விழுந்தது. மௌனம் என்றாலே தேவானந்தத்துக்குப் பதற்றம்.

"ஜோவின்னு நல்ல பேரு வெச்சிருக்கீங்க, பிரதர். வேதத்துல எந்த இடத்துல வருது?"

"வேதத்துல வராது. ஆனா வேதத்துக்கு ஒத்த பேரு." செல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜாய், வின். கர்த்தருக்குள்ள சந்தோஷம், கர்த்தரால வெற்றி. ரெண்டையும் சேத்து வெச்சேன்."

அக்சா தரையைப் பார்த்தாள்.

"பேரு வெக்கறதுக்கு ஒரு பயபக்தி வேணும், பிரதர். போன மாசம் எங்க சபைல ஒருத்தன் பொண்ணுக்கு டயானான்னு பேரு குடுக்கறான். டயானா யாரு? ரோமாபுரி விக்கிரகம்! நான் கமிட்டில எழுந்து நின்னு சொன்னேன், ஞானஸ்நானத் தொட்டிகிட்ட அந்தப் பேரு வரக் கூடாதுன்னு. அர்த்தம் தெரியாம ஒரு விக்கிரகத்தோட பேரைத் தூக்கிட்டு வந்து புள்ள தலைல வெக்கறதா?" அவர் அக்சாவின் பக்கம் திரும்பினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

'ஆமாங்க' என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். அதற்கு முன்பே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்ததில் அது மூக்கு வழியாக ஒரு சத்தமாக வெளியேறியது. முந்தானையைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஜோவின் கண்களை மூடிக்கொண்டான்.

"இன்னாம்மா சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லீங்க அங்கிள்."

"இல்ல, சொல்லு. சிரிக்கற மாதிரி நான் இன்னா சொல்ட்டேன்?"

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. "அங்கிள், ஜோவின்றது லத்தீன் பேரு. ஜோவினஸ்னு பழைய ரோமாபுரில வெப்பாங்க. ஜோவ்னா ஜூபிடர், அங்கதான் பெரிய சாமி. ஜோவின்னா ஜூபிடரோட ஆளுன்னு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தி, நிறுத்தியிருக்கலாம் என்று தெரிந்தே, "டயானாவுக்கு அவரு அப்பா முறை" என்றும் சேர்த்தாள்.

கிரேஸி சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். செல்வின் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகம் பாலிஷ் போடாத தோலின் நிறத்துக்கு வந்திருந்தது.

"எம் புள்ளைக்கு," என்றார் மெதுவாக, "நான் விக்கிரகத்தோட பேரா வெச்சேன்?"

"அப்பா, அவ அப்டி சொல்லல..." என்றான் ஜோவின்.

"கமிட்டில நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உக்கார்றது? எழுந்திரு ரூபி, போலாம்."

ரூபி எழவில்லை. அவள் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாளோ என்று தேவானந்தம் பயந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிடுங்களேன்" என்றாள் ரூபி. "பாவம், பொண்ணு."

"நீ சும்மா இரு."

"முப்பது வருஷமா ஜாய், வின்னு சொல்ட்டு இருக்கீங்க. இப்ப ஜூபிடர் வந்து நிக்கறான் பாருங்க. எது பரவால்ல, ஜூபிடரா ஜோலார்பேட்டையா?"

"ஜோலார்பேட்டையா?" என்றான் ஜோவின்.

செல்வின் கூரையைப் பார்த்தார். கர்த்தரிடம் உத்தரவு கேட்பது போலிருந்தது. பிறகு ஷூவைப் பார்த்துச் சொன்னார்:

"பிரசவத்துக்கு இவளைக் கோலார் தங்கவயல்ல அவங்க அம்மா வீட்டுக்குக் கூட்டினு போனேன். வாணியம்பாடி தாண்டுனதும் ரயில்லயே வலி வந்துடுச்சு. ஜோலார்பேட்டைல எறக்கிட்டாங்க. ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம்ல ரயில்வே நர்ஸம்மா ஒருத்தங்கதான் வந்து பாத்தாங்க. புள்ள பொறந்ததும் எங்க ஊரு பேரைத்தான் வெக்கணும்னு அவங்க ஒரே புடிவாதம். ஜோலார்பேட்டைல இருந்து ஜோ. எம் பேருல இருந்து வின். அவ்ளோதான். ஞானஸ்நானத்தன்னிக்கு சபை ஐயர் இன்னா அர்த்தம்னு கேட்டாரு. ரயில்வே ஸ்டேஷன்னு சொல்ல வெக்கமா இருந்துது. ஜாய், வின்னு வாய்ல வந்துடுச்சு."

"அப்பா! நான் ஸ்டேஷனா?"

"ஜங்ஷன்" என்றார் செல்வின், கொஞ்சம் கௌரவத்தோடு.

அக்சா எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப நான் சொன்னது தப்பு" என்றாள். "முழுத் தப்பு!" ஆயுள் தண்டனையிலிருந்து விடுதலையானவள் போல் அதைச் சொன்னாள். லத்தீனாவது, ஜூபிடராவது. அகராதியில் இருக்கும் ஜோவின் வேறு யாரோ. இந்த ஜோவின் வாணியம்பாடி தாண்டி ஒரு ஸ்டேஷனில் பிறந்தவன்.

"அங்கிள், உங்களுக்குப் புரியுதா? அடுப்புன்னு மொதல்ல சொன்னது யாரு? தெரியாது. செருப்புன்னு சொன்னது? தெரியாது. எல்லாரும் செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சு. நான் இவ்ளோ வருஷமா வார்த்தைங்களத் தேடினு இருக்கேன், ஒரு வார்த்தைய உண்டாக்குன ஆளை நேர்ல பாத்ததே இல்ல. நீங்க எங்க வீட்டு சோபால உக்காந்து காபி குடிக்கிறீங்க!"

செல்வின் தன் கோப்பையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். எழுந்து போவதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது போலவும் வராதது போலவும் இருந்தார்.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லம்மா."

"மொதல்ல எது வந்துது அங்கிள், ஜோவா வின்னா? வேற எதாவது வெச்சுப் பாத்தீங்களா?"

"பாக்காம?" அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மொதல்ல ஜோல்வின்னு வெச்சேன்."

"ஜோல்வினா!" என்று அலறினான் ஜோவின்.

"ஸ்கூல்ல ஜோல்னா பைன்னு கூப்புடுவாங்கன்னு வேணாம்னுட்டேன்" என்றாள் ரூபி. "அப்புறம் 'பேட்டைவின்'னாரு. நான் பெட்லயே எழுந்து உக்காந்துட்டேன். அப்புறம் நாந்தான் சொன்னேன், 'ல்'லை எடுத்துடுங்க, ஜோ மட்டும் போதும்னு."

"நீ எங்க சொன்ன? 'ல்'லை எடுத்தது நானு."

"நல்லா இருக்கே. மயக்கத்துல இருந்தாலும் எனக்கு ஞாபகம் இருக்கு."

"மயக்கத்துல இருந்தவளுக்கு எப்டிடீ ஞாபகம் இருக்கும்?"

"இருங்க, இருங்க" என்றாள் அக்சா. "இதுதான் முக்கியம். 'ல்' எப்பப் போச்சு? யாரு வாயில போச்சு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செல்வின் எழுந்து, பிளாட்பாரம் இந்தப் பக்கம், வெயிட்டிங் ரூம் இந்தப் பக்கம் என்று கூடத்தில் நடந்து காட்டினார். டீப்பாயைக் கட்டிலாக்கிவிட்டு, சுவரோரம் தான் நின்ற இடத்தில் நின்று "ஜோ!" என்று ஒரு முறை சொல்லியும் காட்டினார். அந்த இடத்தில் நின்றபடிதான் அவர் அதைச் சொன்னார் என்று ரூபி ஒத்துக்கொண்டாள், ஆனால் தான் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார் என்றாள். சபைக் கமிட்டியில்கூட யாரும் அவரை இப்படி மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். சண்டையை நிறுத்துவதா, இன்னொரு காபி போடுவதா என்று தெரியாமல் கிரேஸி தேவானந்தத்தைப் பார்த்தாள். அவர் ரசித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி இருக்குடீ" என்று கடைசியில் செல்வின் கை நீட்டினார். "அந்த நர்ஸம்மா இன்னும் ஜோலார்பேட்டைலதான் இருக்காங்க. கிறிஸ்மஸுக்குக்கூடப் போன் பண்ணாங்க. நேர்ல போய்க் கேட்டுடலாம்."

"கேளுங்க. நானா பயப்படறேன்?"

"நீ கேட்டா உனக்கு ஏத்த மாதிரி கேப்ப. நான் கேட்டா எனக்கு ஏத்த மாதிரி. மருமக வரட்டும். அவளே வெசாரிச்சுச் சொல்லட்டும்."

கிரேஸியின் கை வாயருகே போய் நின்றது. தேவானந்தத்தின் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றுவிட்டது. ஜோவின் அம்மாவைப் பார்த்தான். ரூபி, காதில் விழுந்தது என்று தலையை ஆட்டினாள். தான் சொன்னது என்ன என்று செல்வினுக்கே அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. ஆனால் அவர் அதைத் திரும்பப் பெறவில்லை. கோப்பையில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார்.

அந்த அறையில் அந்தச் சொல்லைக் கவனிக்காதவள் அக்சா ஒருத்திதான். அவள் வேறொன்றில் இருந்தாள்.

"அங்கிள், அந்த நர்ஸம்மா வீட்ல பேசறது தமிழா தெலுங்கா?" என்று கேட்டாள். "தெலுங்கா இருந்தா 'ல்' போனதுக்கு வேற காரணம்கூட இருக்கலாம்."