இலை படாத வட்டம்

அண்ணன் தச்சு வேலைக்காரர். ஆணி ஏறிய பாதத்தில் குப்பைமேனியை அரைத்துக் கட்டிக்கொண்டு, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். உடம்பில் சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரி என்று யாராவது வாயெடுத்தால் போதும், "வெட்டணும்னுதான் சொல்லுவானுங்க" என்று பேச்சை முறித்துவிடுவார். தங்கைக்கோ, பச்சிலைகள் கிருமியைக் கொல்கின்றனவா என்று சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை. விடுவாரா மனுஷன்?

"உன் கிருமித் தட்டுல வச்சே பாத்துடு பாப்பா. இலை தோத்தா நானே ஆஸ்பத்திரிக்கு வரேன். ஜெயிச்சா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அண்ணி பின்னாலிருந்து, ஒத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினாள். தங்கையும் தலையாட்டிவிட்டாள்.

இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டினாள். அந்தச் சாற்றில் நனைத்த காகித வில்லையைக் கிருமி தடவிய தட்டில் வைத்தால், கிருமி செத்த இடம் தெளிந்து வட்டமாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தட்டு. அதில் இலையே படாமல், வெறும் ஆல்கஹாலில் நனைத்த வில்லை. எதுவானாலும் ஆல்கஹால் ஆவியாகும்வரை காயவிட்டுத்தான் வைக்க வேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. ஆனால் அன்றைக்கு அவள் கண்ணுக்குள் அண்ணனின் கால்தான் நின்றது. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. ஈரத்தோடே எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டாள்.

மறுநாள் தட்டைத் திறந்தால், அம்மாடி, வட்டமா அது! இலை தோற்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தாள். வட்டத்தைப் பார்த்ததும் வேண்டுதலெல்லாம் எங்கே போயிற்றோ! எத்தனை இலைகள் ஏமாற்றியிருக்கின்றன அவளை! சந்தோஷம் தாங்காமல் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பியே விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது. "என்ன காரியம் பண்ணிட்டே? டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வச்சிருந்தேன். போட்டோவைப் பாத்துட்டு, வேண்டாம்னு இவரே போன் போட்டுச் சொல்லிட்டார்."

போனை வைத்துவிட்டு நின்றவளிடம், பக்கத்து மேசைக்காரி கேட்டாள்: "அடியே, அந்த இன்னொரு தட்டைப் பாத்தியா?"

பார்த்தாள். அதிலும் வட்டம், அதே அளவில். கொன்றது காயாத ஆல்கஹால். தன் காலே புண்ணாகியிருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இரண்டு தட்டுகளையும் நாடா ஒட்டி மூடி, பைக்குள் பைபோட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். தட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். திட்டு நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

அண்ணன் முகத்தில் கல்யாணக் களை.

"வாம்மா விஞ்ஞானி! அண்ணன் சொன்னா நம்பணும்."

"அண்ணா, நான் தப்பு பண்ணிட்டேன். அது இலை போட்ட வட்டம் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. "அப்போ ஒண்ணு, இப்போ ஒண்ணா? உங்க அண்ணி சொல்லிக்குடுத்தாளா?"

"சத்தியமா இல்ல. இதைப் பாரு, இதுல இலையே கிடையாது. வெறும் ஆல்கஹால். இதுலயும் வட்டம் விழுந்திருக்கு பாரு. திறந்துடாத, உள்ள கிருமி இருக்கு."

அவர் இரண்டு தட்டுகளையும் வாங்கி, மரத்துக்கு மட்டம் பார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்போ என் இலை தோத்துடுச்சா?"

"அதுவும் தெரியாது. மறுபடி ஒழுங்காச் செஞ்சு பாக்கணும். தட்டுல ஜெயிச்சாலும் கால்ல ஜெயிக்குமான்னு தனியாப் பாக்கணும். அதுவரைக்கும் கால் காத்திருக்குமா?"

"அதெல்லாம் ஆறிக்கிட்டுத்தான் இருக்கு. வலியே இல்ல."

அவர் இன்னும் தட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் உட்கார்ந்து, கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைப் பிடித்தாள். முதலில் மெதுவாக. பிறகு நகம் பதிய அழுத்தினாள்.

"வலிக்குதாண்ணா?"

"தொட்டாத்தானே வலிக்கும்?" என்றார் அவர், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் யாரும் பேசவில்லை என்று அவர் குனிந்து பார்த்தார். தங்கையின் விரல்கள் அவருடைய விரலை இறுக்கிப் பிடித்திருந்தன.

ஒரு கையால் தானும் அந்த விரலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு தட்டுகளை அவளிடம் நீட்டினார்.

"வண்டியைக் கூப்பிடு பாப்பா," என்றார். "நீயும் கூட வா. எனக்குப் பயமா இருக்கு."