கல் இல்லாத பருப்பின் விலை

மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சொத்து கல்லாப்பெட்டியில் இல்லை, ஊர் வாயில் இருக்கிறது. முதலாளியின் மளிகைக் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பருப்பு. பஜாரில் மற்ற கடைகளில் கல்லோடு வாங்கினால் ஒரு விலை, கல் பொறுக்கி வாங்கினால் இன்னொரு விலை. இவர் கடையில் மட்டும் பொறுக்கிய பருப்பு, கல்லோடு விற்கும் விலைக்கே கிடைக்கும். தாத்தா ஆரம்பித்தது, அப்பா கட்டிக் காத்தது. "எப்படி முதலாளி கட்டுப்படியாகுது?" என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டால், "நாணயம்" என்று ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்துவிடுவார்.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது வெளிநாட்டில், மகள் வீட்டு நாலாவது மாடியில், உட்கார்ந்தால் ஆளையே விழுங்கும் ஒரு சோபாவின் நுனியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். ஊரில் கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன்தான் எதிர்முனையில்.

"அப்பா, உங்க மருமகளுக்கு நல்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும். இனிமே பருப்புப் பொறுக்க உட்கார மாட்டாளாம்."

"உங்கம்மா உட்காரலையா? எங்கம்மா உட்காரலையா?"

"அதையும் சொல்லிப் பார்த்தேன். 'அவங்களை யாராவது கேட்டுட்டா உட்கார வெச்சாங்க?'ன்னு கேக்குறா."

"வாய் நீளம்."

"ரெண்டு ஆள் போடணும்ப்பா. போட்டா விலையை ஏத்தணும். இல்லேன்னா எல்லாரையும் போலக் கல்லோட விக்கணும்."

"ரெண்டும் நடக்காது. குடும்ப மானம் கப்பலேறிடும்."

"அப்ப மூணாவதா ஒரு வழி சொல்லுங்க."

மூணாவது வழி அவரிடம் இல்லை. இல்லை என்று மகனிடம் சொல்லிவிட முடியுமா? "ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்று போனை வைத்தார். மனைவி சோபாவின் மறுமுனையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தும் எதுவும் விழாதது போல ஒரு தலையணை உறையை நான்கு முறை மடித்தாள்.

மகளுக்கு அந்த ஊர்ப் பெரிய கடை ஒன்றில் பில் போடும் வேலை. கடைக்காரர் வீட்டுப் பெண் இன்னொருவன் கல்லாவில் உட்காருவதா என்று ஆரம்பத்தில் முதலாளிக்குத் தொண்டையில் முள்தான். வந்த பிறகு தினமும் அந்தக் கடைக்குத்தான் போனார். வாங்க இல்லை, வேவு பார்க்க.

வேவு பார்க்கப் பார்க்க அவருக்குத் தலை சுற்றியது. சர்க்கரை, மாவு, எண்ணெய் எல்லாம் ஊரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதுவரைக்கும் சரி. ஆனால் முழுப் பூண்டு ஒரு விலை என்றால் உரித்த பூண்டு அதைப்போல மூன்று மடங்கு. முடி வெட்டிக்கொள்ளப் போனார். அந்தக் காசுக்கு ஊரில் ஒரு மூட்டை வெங்காயத்தைத் தலையிலேயே வைத்து அனுப்பியிருப்பார்கள். இதெல்லாம் போகட்டும் என்று பொறுத்தவர், பூசணிக்காய்த் துண்டுகள் போட்ட ஒரு டப்பாவைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு நேரே மகளின் கல்லாவுக்கு வந்தார்.

"என்னம்மா அநியாயம் இது? முழுப் பூசணிக்காய்க்குக் கேக்குற காசை ஒரு கைப்பிடித் துண்டுக்குக் கேக்குறான். கத்தி என்ன தங்கமா?"

"கத்தி சாதாரணக் கத்திதான்ப்பா. அதைப் பிடிச்ச கைக்குத்தான் அந்த விலை."

"யாரு கை? ராஜா வீட்டுப் பிள்ளையா?"

"பின்னாடி ஒரு அக்கா நறுக்குறாங்க. என்னை விடக் கொஞ்சம் கூடச் சம்பளம்."

"உங்க முதலாளிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. பாதி விலைக்குக் குடுத்தாலும் இதுல லாபம்தான். வியாபாரம் எனக்குத் தெரியும்."

"அந்தப் பாதியிலதான்ப்பா எங்க வீட்டு வாடகை இருக்கு. மெதுவாப் பேசுங்க."

வரிசையில் நின்றவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் அப்பா என்பது புரிந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு விறைப்பாக வெளியே நடந்தார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம் நியாயம் கேட்டார். மாப்பிள்ளை லிஃப்ட் பழுது பார்ப்பவர்; எதையும் பிரித்துப் போட்டுத்தான் பேசுவார்.

"மாமா, சர்க்கரை கப்பல்ல வருது. எந்த ஊருக்கு வந்தாலும் ஏறக்குறைய ஒரே விலை. ஆனா நறுக்குற கை கப்பல்ல வராது, இங்கேயே இருக்கணும். இங்கே பக்கத்துல இருக்கிற தொழிற்சாலையில நல்ல சம்பளம். அதுக்குக் கிட்டத்தட்டவாவது குடுத்தாத்தான் அந்த அக்கா பூசணிக்காய் நறுக்க வருவாங்க. இல்லேன்னா கத்தியை வெச்சுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"அப்போ இந்த ஊர்ல பொருள் விலை இல்ல. கை விலை."

"அதேதான் மாமா."

முதலாளி துள்ளி எழுந்தார். பிறவி வியாபாரி, சூட்சுமம் கையில் கிடைத்த பிறகு சும்மா இருப்பாரா? கை படாத சரக்கை வாங்கினால் இந்த ஊரை ஜெயித்துவிடலாம்! சனிக்கிழமை காலை மாப்பிள்ளையைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் மொத்த வியாபாரக் கிடங்குக்குப் போனார். அங்கே ஒரு மூலையில் வாய் கிழிந்த ஒரு பருப்பு மூட்டை, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. கல், மண், குச்சி எல்லாம் கலந்தது. கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. எந்த லிஃப்டையும் பழுது பார்க்கும் மாப்பிள்ளை குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் அன்றைக்கென்று பார்த்து வேலை செய்யவில்லை. மூட்டை நாலு மாடி மாப்பிள்ளையின் முதுகில் ஏறியது. முதலாளி முன்னால் வெற்றி வீரராக ஏறினார்.

மூட்டை வாசலில் இறங்கியதும் மனைவி குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"பருப்பு. உன் பொண்ணு விக்கிற விலையில மூணுல ஒரு பங்கு. கையே படாத சரக்கு!"

"யாரு பொறுக்குறது?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வி அவரிடம் வந்ததே இல்லை. "இதென்ன கேள்வி? நீதான்."

"மணிக்கு எவ்வளவு?"

சமையலறையில் மகள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாப்பிள்ளை அவசரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"என்னடி, ஊர் மாறினதும் பேச்சும் மாறுது?"

"நான் என்ன தப்பாக் கேட்டேன்? கீழ் வீட்டுக்காரம்மா துணி தேய்க்கிறதுக்கே மணிக்கணக்குல வாங்குறாங்க. நான் எவ்வளவு கேக்கலாம்னு விசாரிச்சு வெச்சிருக்கேன்."

மாப்பிள்ளை முன்னால் கெஞ்சுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. "தேவையில்லை. எனக்கும் ரெண்டு கை இருக்கு" என்றார் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தரையில் பழைய பேப்பரை விரித்து, தட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். முதல் தட்டு வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது தட்டில் கல்லும் பருப்பும் ஒரே நிறம் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கண் எரிந்தது. பஜாரே பார்த்து வியந்த நேர் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து தட்டுக்குப் பக்கத்தில் வந்தது. மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே மேற்பார்வை பார்த்தாள்.

"அது கல்லு. அதை விட்டுட்டீங்க."

"பார்த்தேன், பார்த்தேன்."

"இது பருப்பு. இதை ஏன் தூக்கிப் போடுறீங்க?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் கூப்பிட்டபோது மூட்டையில் கால்வாசிதான் குறைந்திருந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குந்தினார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ணு வாங்குற சம்பளத்தை உங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பருப்பு கடைப் பருப்பைவிட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு."

"நான் சம்பளம் கேக்கலையே மாப்பிள்ளை."

"அதனாலதான் மாமா மலிவு!"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். பாதிச் சிரிப்பில் அது அப்படியே நின்றுவிட்டது.

அவருடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் போனது வயதினால் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மனைவி ராத்திரியில் கழுத்து வலி என்று புரளும்போது தலையணை சரியில்லை என்று நினைத்து மூன்று முறை புதுத் தலையணை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்றும் உயர்ந்த ரகம். பஜார் முழுக்க மெச்சிய நாணயத்தை மனதுக்குள் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். யார் காசையும் வைத்துக்கொள்ளாத குடும்பம் என்று எத்தனை சபையில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருக்கிறார்! முகம் சிவந்து காது வரைக்கும் சுட்டது.

அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான்.

"அப்பா, என்ன முடிவு பண்ணினீங்க?"

"ஆள் போடு. விலையை ஏத்து. கல்லோட மட்டும் விக்கக் கூடாது."

"அப்பா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. முதுகுதான்."

"பஜார்ல சிரிப்பாங்களேப்பா! தாத்தா காலத்து விலை..."

"சிரிக்கட்டும். இத்தனை நாளா நம்ம தராசுல உங்கம்மா கையும் காசு வாங்காமச் சேர்ந்து நின்னுது, இப்ப எடுத்துட்டோம்னு சொல்லு. வாடிக்கை நாலு குறைஞ்சாலும் பரவாயில்ல. அடுத்தவங்க உழைப்பை நாம வெச்சுக்கிட்டோம்னு பேர் வரக் கூடாது."

"சரிப்பா. எவ்வளவு ஏத்தட்டும்?"

விலை சொல்ல ஒரு நாளும் தயங்காதவர் தட்டைப் பார்த்தார். "உன் பொண்டாட்டிகிட்டக் கேளு. ஒரு மூட்டைக்கு என்ன பாடுன்னு அவளுக்குத்தான் தெரியும். நாளைக்கு அவ வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள கேட்டுக்க. மரியாதையாக் கேளு."

போனை வைத்தார். மனைவி ஆரஞ்சுத் தோலை மடியிலிருந்து உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இனிமேப்பட்டது சரிங்க. பழைய பாக்கியைப் பத்தி எப்போ பேசலாம்?"

"முதல்ல இதை முடிச்சுக்கிறேன்" என்றார் முதலாளி, அடுத்த தட்டை நிரப்பிக்கொண்டே.

அவள் குனிந்து, அவர் பொறுக்கி வைத்திருந்த பருப்புக் குவியலிலிருந்து, அவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு கல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "மெதுவா முடிங்க. இந்த வேலைக்கு யாரும் சம்பளம் குடுக்க மாட்டாங்க."