ஈரக்காலுக்கு ஒரு வாசல்

1986ஆம் ஆண்டு ஆவணியில், மருதனார்மடத்தில் சோமசேகரம் தன் மகள் ஞானாம்பிகைக்குச் சீதனமாகக் கட்டிய வீடு முடிந்தது. மேசன் யாகப்பு சிவப்புச் சீமெந்து பூசி, விறாந்தை, குசினி, வாசல் என்று பாராமல் முகம் தெரியும்படி மினுக்கியிருந்தார்.

கலியாணமும் அங்கேதான். பெண்ணின் தமையன் மார்க்கண்டு வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான். மாப்பிள்ளை ஈரக்காலோடு உள்ளே வருவார். அங்கே அவர் விழுந்தால் ஊர் அதைப் பெண்ணின் ராசி என்றே சொல்லும். ஞானாம்பிகைக்கு அந்தப் பயம் பிடித்துக்கொண்டது.

"ஐயா, வாசல் வழுக்கும்."

"வாசலைப் பார்த்துத்தான் பிள்ளை சனம் வீட்டை மதிக்கும்."

"மதிக்க முந்தி விழுந்திடுவினம்."

"நான் நடந்து காட்டுறன். மார்க்கண்டு, தண்ணியை ஊத்தடா."

சோமசேகரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மிடுக்கோடு ஈரமான வலது காலை வைத்தார். இடது காலுக்கு வேலை வரவில்லை. நிலத்தில் உட்கார்ந்தபடியே வழுக்கி விறாந்தை நடுவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"ஐயா வலு கெதியா வந்திட்டார், நடந்தால் இவ்வளவு வேகம் வராது," என்றான் மார்க்கண்டு.

சோமசேகரம் நிலத்தைத் தடவிப் பார்த்தார். "யாகப்பு நல்ல வேலைக்காரன்தான்," என்றார். பிறகு, "அவனைக் கூப்பிடு."

யாகப்புவுக்கு மனமில்லை. "மினுக்கச் சொன்னதும் நீங்கள், கொத்தச் சொல்லுறதும் நீங்கள்."

"விறாந்தை அப்பிடியே கிடக்கட்டும் அண்ணை, அங்கை தண்ணி வராது," என்றாள் ஞானாம்பிகை. "வாசலையும் குசினியிலை பாத்திரம் கழுவுற மூலையையும் மாத்துங்கோ. கிணத்தடியை நீங்கள் மினுக்கேல்லை. அங்கை ஆரும் விழுந்தவையே?"

யாகப்பு இரண்டு இடத்தையும் கொத்திப் புதிதாகப் பூசினார். சீமெந்து இறுகுமுன் ஞானாம்பிகை ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே இழுத்துக் கோடு போட்டாள்.

"கோழி கிளறின மாதிரிக் கிடக்கு," என்றார் சோமசேகரம்.

"கோழி வழுக்கி விழுந்ததைக் கண்டனீங்களே, ஐயா?"

சண்டைக் காலம்; இருட்டுமுன் சனம் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதால் பகல் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். மேளம் வாசலுக்கு வந்ததும், சோடித்திருந்த மணப்பெண் அறைக்கதவின் நீக்கலில் கண்ணை வைத்தாள். மார்க்கண்டு செம்புத் தண்ணீரை ஊற்றிக் காலைக் கழுவினான். மாப்பிள்ளை ஒரு காலைத் தூக்கி வைத்தார். அது வைத்த இடத்திலேயே நின்றது.

ஞானாம்பிகையின் பக்கத்தில் நின்ற மார்க்கண்டுவின் மனைவி பத்மாசினி குனிந்து, அவள் எங்கே பார்க்கிறாள் என்று பார்த்தாள். "என்னடி, முகத்தை விட்டிட்டுக் காலைப் பாக்கிறாய்?"

"முகத்தைப் பிறகும் பாக்கலாம் மச்சாள். பொறுங்கோ, மற்றக் காலும் வரட்டும்."