திறப்பு விழாவுக்குக் காத்திருந்த லிப்ட்

லிப்ட் தயாராகிவிட்டது என்று பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்ததும், கன்னையா மகளை அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஷாமினிக்குப் பிறவியிலிருந்தே கால்கள் இயங்காது. பழைய லிப்டைக் கழற்றிவிட்டுப் புதியது பொருத்திய ஆறு மாதமும் அவளை முதுகில் சுமந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றி இறக்கியவர் அவர்தான். அதற்குக் கிடைத்த பரிசு குடலிறக்கம். தேர்வுக்கான விடுமுறை தொடங்கியதும், மூன்று வாரத்துக்கு முன்புதான் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

இறுதியாண்டுத் தேர்வு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. ஷாமினி, தான் செய்த இயந்திரத்தை மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். அதை முடித்தால் முதல் தேதி ஷா ஆலத்தில் வேலைக்குச் சேரலாம். தவறினால் மறுவருடம்தான் தேர்வு. வேலை யாருக்காகவும் ஒரு வருடம் காத்திருக்காது.

காப்பாரில் உள்ள வீட்டிலிருந்து ஆறரைக்கே வேனில் கிளம்பி, நெரிசலைக் கடந்து ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தார்கள். லிப்ட் பளபளவென்று இருந்தது. கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவலாளி நிஜாம் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ரிப்பனைக் கொஞ்சம் ஒதுக்குப்பா. பிள்ளைக்குப் பரீட்சை."

"முடியாது அங்கிள். இன்னும் திறப்பு விழா ஆகல. வியாழக்கிழமை டத்தோ வந்து வெட்டுன பிறகுதான் ஆள் ஏறலாம். சாவி ஆபிஸ்ல இருக்கு."

இந்த வழக்கம் கன்னையாவுக்குப் புதிதில்லை. நம்மூரில் பாலமானாலும் கழிவறையானாலும் டத்தோ மாதிரிப் பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வந்து கத்தரிக்கோலைப் பிடித்தால்தான் அது கட்டியதாகக் கணக்கு. கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தபோது, புதுக் கழிவறைக்கு நாலு மாதம் பூட்டுப் போட்டு வைத்தவர் இதே கன்னையாதான். சட்டமன்ற உறுப்பினர் தேதி கொடுக்கவில்லையாம். வயதான பெண்கள் திட்டிக்கொண்டே மண்டபத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். அப்போது அவருக்கு அது தவறாகவே படவில்லை.

கட்டடப் பராமரிப்பு அலுவலகக் கதவில் விமலன் என்ற பெயரைப் பார்த்ததும் கொஞ்சம் உயிர் வந்தது. நம்ம ஆள், பார்த்துச் செய்வார்.

"எனக்கு மட்டும் மனசில்லையா அங்கிள்?" என்றார் விமலன். "இன்னிக்கு நான் ரிப்பனை அவுத்தா என் வேலை போயிடும் லா."

"அப்ப ரெண்டு காவலாளியை விட்டுத் தூக்கச் சொல்லுங்க சார்."

"ஸ்டாஃப் யாரும் ஸ்டூடன்டைத் தூக்கக் கூடாது. போன வருஷம் ஒரு பையனைக் கீழ போட்டுட்டாங்க. அதுலேர்ந்து ரூல்."

ஷாமினி விரிவுரையாளரை அழைத்துக் கெஞ்சினாள். இயந்திரத்தைக் கீழே கொண்டுவர முடியாது. வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பன்னிரண்டு மணிக்கு விமானம். கூடப் படிப்பவர்கள் எல்லாம் கைப்பேசியை அணைத்துவிட்டு மேலே இருந்தார்கள்.

பத்தாக ஐந்து நிமிடம். கன்னையா சட்டைக் கையை மடித்து, வழக்கம்போல் சக்கர நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார்.

"கழுத்தைப் புடிம்மா."

"வேணாம்ப்பா. எந்திரிங்க."

"மூணு மாடிதானே. மெதுவா போயிடலாம்."

அவர் பின்னால் கைநீட்டி அவள் கைகளைத் தேடினார். அவள் அவற்றை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"நீங்க விழுந்தா என்னால தூக்க முடியாதுப்பா."

கன்னையா எழுந்திருக்கவில்லை. அப்படியே நகர்ந்து படியில் உட்கார்ந்து, மகள் பார்க்கிறாளே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். ஐந்து வயதில் ஆரம்பித்து அவளைச் சுமந்த முதுகு, வேண்டிய நாளில் உதவாமல் போனது. பத்தரை மணிக்கு மூன்றாம் மாடியில் யாருக்கோ கைதட்டும் ஓசை கேட்டது. நிஜாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

மதியம் விரிவுரையாளர் இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், வருத்தப்பட்டார். லிப்ட் பழுது என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால், வேறு தேதிக்கு ஏற்பாடு செய்யலாம் என்றார். கன்னையா மறுபடியும் விமலனிடம் ஓடினார்.

"பழுதாகலையே அங்கிள். நல்லா ஓடுது. எப்படி எழுதறது?"

"இன்னும் திறக்கலன்னாவது எழுதுங்க."

"தயார்னு எல்லாருக்கும் மெயில் போட்டது நாங்கதான். இப்ப மாத்தி எழுதுனா எங்களைத்தான் கேப்பாங்க." அவர் குரலைத் தணித்தார். "ஒண்ணு செய்யலாம். வியாழக்கிழமை டத்தோகூட முதல்ல ஏற, வீல்சேர் ஸ்டூடன்ட் ஒருத்தர் வேணும்னு கேட்டாங்க. தங்கச்சி வரட்டும். லிப்ட் உள்ள நேராவே அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடலாம்."

வேறு வழி என்ன இருந்தது? வியாழக்கிழமை ஷாமினி பட்டுப் பாவாடை தாவணியில் வந்தாள். யாரோ அவள் மடியில் பூங்கொத்து வைத்தார்கள். டத்தோ ரிப்பனை வெட்டினார். நல்ல கூட்டம், நல்ல கைதட்டல். அவரும் படம் பிடிப்பவரும் இரண்டு அதிகாரிகளும் ஏறியதும் லிப்ட் நிறைந்துவிட்டது. கன்னையாவைக் கீழேயே நிற்கச் சொன்னார்கள். அவர் கதவுக்கு மேலே மாறும் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வந்து நின்றது. பேசுகிறாள் என்று நினைத்தார். கொஞ்ச நேரத்தில் எண் இறங்கத் தொடங்கியது.

கதவு திறந்ததும் எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார்கள். ஷாமினி தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வருஷம் பரீட்சைக்கு வரப்ப லிப்ட் இருக்கும், கவலைப்படாதேன்னாரு."